சிவப்புவெள்ளையைக் குத்தியவள்

எங்கள் ஊரில் ஒலிந்தாவின் கையால் தைத்ததை உடுத்தாதவர்கள் குறைவு. பள்ளிச் சீருடை, முதல் நற்கருணைக்கு வெள்ளைக் கவுன், துக்கத்துக்குக் கறுப்புச் சட்டை, எல்லாம் அவள் தைத்ததுதான். கையால் சுற்றுகிற பழைய தையல் மெஷின் ஒன்று வைத்திருந்தாள். அதற்கு மேஜைகூடக் கிடையாது, அரிசிப் பெட்டியின் மேல் வைத்துத்தான் தைப்பாள். ரவிக்கையின் முன்பக்கம் எப்போதும் ஓர் ஊசி நூலோடு குத்தியிருக்கும்.

"பிள்ளை பால் குடிக்கிறப்பவும் இப்படித்தான் ஊசியோட இருந்தியாடி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது எந்தப் பக்கம் குடிக்குதோ, அதுக்கு மறுபக்கம் மாத்திக் குத்திக்குவேன், வேவாக்கா" என்றாள், சிரிக்காமல்.

வேவா நான்தான். முழுப் பெயர் ஜெனோவேவா. அதை ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரைத் தவிர யாரும் முழுசாகச் சொன்னதில்லை. அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வரிசை காப்பிச் செடி. பள்ளிக்கூட வாசலில் மரவள்ளி பொரித்து விற்றுப் பிழைத்தேன். எனக்கு வாய் நீளம். அவளோ பத்துக் கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற ரகம். எப்படி ஒத்துப்போனோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அவள் கைக்குழந்தையோடு நிற்கும்போதே, காட்டில் சண்டை போடுகிறவர்களுக்கு உதவினான் என்று அவள் புருஷனை ஜகார்த்தா சிப்பாய்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. அந்தக் கைக்குழந்தைதான் நோமியா. ஜகார்த்தாவோடு இருப்பதா, பிரிவதா என்று வாக்கெடுப்பு வந்த வருஷம் அதற்கு ஏழு வயது, முன்பல் விழுந்து வாயைத் திறந்தாலே சிரிப்பு வரும். ஒலிந்தாவுக்குப் பிறந்த வீட்டில் மிச்சம் ஒரே ஓர் அண்ணன், காஸ்மே. புருஷன் போனபின் அவள் வீட்டுக் கூரை வேய்ந்ததும் விறகு வெட்டிப் போட்டதும் அவன்தான். நோமியா முதலில் பேசிய வார்த்தையே 'மாமா' என்பதாக அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அப்படிப்பட்டவன்தான் அந்த வருஷத் தொடக்கத்தில் தலையில் சிவப்புவெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

பட்டைக்காரர்கள் என்று நாங்கள் சொல்வோம், ஜகார்த்தாவுக்காகக் கத்தி தூக்கிய உள்ளூர் ஆட்களை. ஒருவனைத் தனியாகப் பார்த்தால் நமக்குத் தெரிந்த பையனாக இருப்பான், நாலு பேர் சேர்ந்துவிட்டால் வெட்டுக்கத்தி பேசும். காஸ்மே ஏன் சேர்ந்தான்? அரிசி கொடுத்தார்கள், அது ஒரு காரணம். சேராதவர்களின் வீட்டுக்கு என்ன ஆனது என்று பார்த்திருந்தான், அது இன்னொன்று. நான் அவன் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

"தலைவலியா தம்பி, துணி கட்டியிருக்கியே?"

"வாயை மூடுக்கா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். உண்மையிலேயே என் நல்லதுக்காகச் சொன்ன முகம்தான் அது. அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

ஐ.நா. ஆட்கள் வெள்ளை ஜீப்பில் வந்து பேர் எழுதிக்கொண்டார்கள். ஓட்டுச்சீட்டின் மாதிரியைப் பள்ளிச் சுவரில் ஒட்டினார்கள். மேலே ஜகார்த்தாவின் சிவப்புவெள்ளைக் கொடி; அதைத் தொட்டால் ஜகார்த்தாவோடு தன்னாட்சியாக இருக்கச் சம்மதம் என்று அர்த்தம். கீழே எங்கள் கொடி. அதைத் தொட்டால் பிரிந்து தனி நாடு. பேனா வேண்டாம், எழுத்து வேண்டாம். வேண்டிய கொடியில் ஆணியால் ஒரு குத்து, அவ்வளவுதான். இரண்டிலும் குத்தினால் சீட்டு செல்லாது. துளைப்பதற்கும் குத்துவதற்கும் எங்களிடம் ஒரே சொல்தான். ஆகவே ஊர் முழுக்க ஒரே பேச்சு: நீ எதைக் குத்துவாய்? சிவப்புவெள்ளையைக் குத்துவதென்றால் எனக்கு ஆணி போதாது, ஈட்டி வேண்டும் என்று நான் சொல்ல, பக்கத்தில் மரவள்ளி தின்றுகொண்டிருந்தவன் அப்படியே எழுந்து போய்விட்டான். சிரிக்கக்கூடப் பயம்.

இதற்கிடையில் வீட்டுக்கு வீடு கொடி கட்ட உத்தரவு வந்தது. கொடிக்கு எங்கே போவது? சிவப்பில் ஒரு பேல், வெள்ளையில் ஒரு பேல் துணி ஒலிந்தாவின் வீட்டில் வந்து இறங்கியது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டு, ஊரே காப்பி பறிக்க, அவள் மட்டும் சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துத் தைத்துக்கொண்டே இருந்தாள். மெஷின் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்கும். முடியாது என்று சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபம்தான். ஆனால் முடியாது என்று நானும்தான் சொல்லவில்லை. என் வாசலிலும் அவள் தைத்த கொடி தொங்கியது.

ஆகஸ்ட்டு நடுவில் ஒரு மத்தியானம் எல்லோரையும் கால்பந்து மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒரு மண்சட்டி. பனங்கள்ளை ஊற்றி, ஒரு சேவலை அறுத்து, அதன் ரத்தத்தை அதில் விட்டார்கள். ஒவ்வொருவராக வந்து குடித்துவிட்டு, "சிவப்புவெள்ளையைக் குத்துவேன். குத்தாவிட்டால் இந்தச் சேவல் மாதிரி என் உயிர் போகட்டும்" என்று சொல்ல வேண்டும். எங்கள் முன்னோர்களின் சத்தியம் அது. நிலத் தகராறிலும் பழி தீர்ப்பதிலும்தான் அதைக் குடிப்பார்கள், அதுவும் நடுங்கிக்கொண்டே. அதை ஓட்டுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள் பாவிகள். சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் காஸ்மே.

நானும் குடித்தேன். வாயில் வைத்து, நாலடி தள்ளிப் போய்த் துப்பிவிட்டேன். சொன்னதை மட்டும் துப்ப முடியவில்லை.

ஒலிந்தாவின் முறை வந்தது. அவள் குடித்துச் சொல்லி முடித்ததும் பட்டைக்காரர்களின் தலைவன் கையைக் காட்டி நிறுத்தினான். வெளியூர்க்காரன், கறுப்புக் கண்ணாடி போட்டவன்.

"இவ புருஷன் யாருன்னு எனக்குத் தெரியும். இவ உயிரை வச்சு இவ சத்தியம் பண்ணா எனக்குப் பத்தாது. காஸ்மே, உன் தங்கச்சிதானே? பிள்ளை தலையில கை வை. நீ சொல்லு, அவ திருப்பிச் சொல்லட்டும்."

கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். எங்களிடம் தாய்மாமன் வாயிலிருந்து வருவது சும்மா போகாது. பிள்ளையின் ரத்தம் அவன் வீட்டு ரத்தம். அவன் வாழ்த்தினால் பிள்ளை தழைக்கும், அவன் சபித்தால் சாமியார் வந்தாலும் தடுக்க முடியாது. கொடுத்த வாக்கை எடுக்கவும் அவன் ஒருவனால்தான் முடியும்.

காஸ்மே சட்டியைக் கீழே வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துவிட்டு நோமியாவின் தலையில் வைத்தான். அந்தப் பெண்ணோ மாமா விளையாடுகிறான் என்று நினைத்து அண்ணாந்து சிரித்தது.

"உன் அம்மா சிவப்புவெள்ளையைக் குத்துவா. குத்தலேன்னா, உன் உயிர் போகட்டும்."

ஒலிந்தா திருப்பிச் சொன்னாள். குரல் உடையவில்லை. முகம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் நாசூக்காகச் சொன்னார்: கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய சத்தியம் கடவுள் முன்னால் சத்தியமே இல்லை. பலருக்கு மூச்சு வந்தது. வெளியே வந்ததும் நான் ஒலிந்தாவின் முழங்கையில் இடித்தேன்.

"கேட்டியா? சாமியாரே சொல்லிட்டார். தைரியமா கீழ குத்து."

"கடவுள் மன்னிப்பார்க்கா. கடவுளுக்கா நான் வாக்குக் கொடுத்தேன்? சேவல் ரத்தத்துக்குக் கொடுத்தேன். அண்ணன் கைக்குக் கொடுத்தேன்."

"அப்போ மேல குத்தப் போறியா?"

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "என் புருஷனை ஏத்திட்டுப் போன லாரியில அந்தக் கொடிதான் கட்டியிருந்துச்சு. அதுக்கு ஓட்டுப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்?" என்றாள்.

"பின்ன என்னதான்டி பண்ணப் போற?"

"ரெண்டையும் குத்தப் போறேன்."

எனக்கு வந்ததே ஆத்திரம். "செல்லாத ஓட்டுடி அது! ஜகார்த்தாக்காரன் வந்த இருபத்துநாலு வருஷத்துல செத்தவங்க எல்லாம் உன் செல்லாத ஓட்டுக்காகவா செத்தாங்க? துப்பாக்கியோட காட்டுல கிடக்கிற நம்ம பையன்க கிழங்கு தின்னுக்கிட்டு இதுக்காகவா காத்திருக்காங்க?"

"உனக்குப் பிள்ளை இல்லக்கா" என்றாள்.

குத்தினாள் பாருங்கள் ஒரு குத்து. வேண்டுமென்று சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டாள். நான் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட்டு முப்பதாம் தேதி விடியுமுன்பே பள்ளிக்கூடத்தின் முன்னால் ஊர் கூடிவிட்டது. மலைமேல் குடியிருப்புகளிலிருந்து கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் கோயிலுக்குப் போகிற உடுப்பில். பாதிக்கு மேல் ஒலிந்தா தைத்தது. சாலைக்கு அந்தப் பக்கம் பட்டைக்காரர்கள் குந்தியிருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காஸ்மேயும் இருந்தான். ஒலிந்தா நோமியாவின் கையைப் பிடித்தபடி எனக்கு நேர் முன்னால் நின்றாள். நாங்கள் பேசிப் பல நாள் ஆகியிருந்தது. அவள் பின்கழுத்து வியர்த்திருந்தது, அந்தக் காலைக் குளிரில்.

வாசலில் ஐ.நா. சட்டை போட்ட ஒரு பெண் சோதனை பண்ணிக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பட்டணத்திலிருந்து வந்த பெண், எங்கள் பாஷைக்காரிதான். ஒலிந்தாவை நிறுத்தினாள்.

"அக்கா, ரவிக்கையில என்ன?"

"ஊசி."

"கூரா எதுவும் உள்ள கொண்டுபோகக் கூடாதுக்கா. குத்தறதுக்கு உள்ளயே ஆணி இருக்கு."

"இது ஓட்டுக்கு இல்லம்மா. கொடி தைச்ச ஊசி. மறந்துட்டேன்."

ஊசியில் சிவப்பு நூல் இன்னும் தொங்கியது. அதை உருவிக் கையில் பிடித்த ஒலிந்தா அப்படியே நின்றுவிட்டாள். ஊசியைப் பார்த்தாள், தன் விரலைப் பார்த்தாள். அந்த விரல் நுனிகள் மூன்று மாசத்தில் காய்த்துப் போயிருந்தன. பின்னால் நெட்டினார்கள். "நடடி, தூங்கிட்டியா?" என்று நானே சொன்னேன். அவள் ஊசியை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, "பத்திரம். திரும்ப வாங்கிக்குவேன்" என்று உள்ளே போனாள்.

நான் கீழே குத்தினேன். ஆணி மேஜைப் பலகை வரைக்கும் இறங்கியது. வெளியே வந்தபோது சாலையோரம் காஸ்மே தங்கையை மறித்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடிக்காரன்.

"குத்தினியா?"

"குத்தினேன்."

"எதை?"

"சிவப்புவெள்ளையை, அண்ணே. ஆசை தீரக் குத்தினேன்."

காஸ்மே மூச்சை விட்டான். எனக்கோ காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. செல்லாத ஓட்டாவது போட்டுத் தொலைத்திருக்கலாமே இவள்! ஆசை தீரவாம்! காப்பிச் செடி வரிசையைத் தாண்டி இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று மாதா மேல் ஆணையிட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ரேடியோவில் சொன்னார்கள். நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேர் பிரிவோம் என்றிருக்கிறார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்து சத்தம் வராமல் அழுதேன். தெருவில் ஒரு கைதட்டல் இல்லை. ஜெயித்தவர்கள் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். கீழ்ப்பக்கம் புகை தெரிந்தது. லாரிகள் வருகின்றன, ஊர் ஊராக எரித்துக்கொண்டு, ஆட்களை ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோகிறார்கள் என்று தகவல்.

அப்போதுதான் ஒலிந்தா என் கதவைத் தட்டினாள். தோளில் நோமியா. பிள்ளையின் உடம்பு அனலாய்க் கொதித்தது.

"ராத்திரியிலேருந்து இப்படி இருக்குக்கா. கண்ணையே திறக்கல. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க சத்தியம் பிடிச்சிருச்சுன்னு சொல்றாங்க."

"சத்தியத்தைத்தான் காப்பாத்திட்டியே. சிவப்புவெள்ளையைத்தானே குத்தின" என்றேன், எனக்கே பிடிக்காத குரலில்.

"காகிதத்துல இல்லக்கா." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "காகிதத்துல கீழதான் குத்தினேன். ஒரே ஒரு குத்து."

எனக்குப் புரியவில்லை.

"மூணு மாசமா நான் என்ன பண்ணேன்? ஊசி ஒவ்வொரு தடவை இறங்குறப்பவும் எதைக் குத்துச்சு? சத்தியத்துல காகிதம்னு சொல்லல. ஆணின்னு சொல்லல. குத்துவேன்னு மட்டும்தான் சொன்னேன். மைதானத்துலேருந்து வந்தப்புறமும் ராவும் பகலும் குத்தியிருக்கேன். வாசல்ல அந்தப் பொண்ணு ஊசியைக் கேட்டப்பதான் தோணுச்சு. பாக்கி இல்லேன்னு நினைச்சுத்தான் கீழ குத்தினேன்." பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். "வார்த்தையை வச்சு ஏமாத்திட்டேனாக்கா? சத்தியம் ஏமாந்துபோகுமா? அதான் பிள்ளையைக் கேக்குதா?"

சாமியார் மாதிரி பேச வாயெடுத்தேன், வரவில்லை. மைதானத்தில் நானும்தான் குடித்திருக்கிறேன். பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டு, என்னிடம் இருந்த ஒரு காய்ச்சல் மாத்திரையைக் கரைத்து வாயில் விட்டேன். மாதா மேல் இட்ட ஆணையை மாதாவே மன்னிக்கட்டும் என்று அவள் மூட்டையையும் கட்டிக்கொடுக்க அவள் வீட்டுக்குப் போனேன்.

கட்டி முடிப்பதற்குள் லாரி வந்துவிட்டது.

சாலையில் நிறுத்தி, ஆளுக்கொரு வீடாகப் பெட்ரோல் டின்னோடு பிரிந்தார்கள். ஒலிந்தாவின் வாசலுக்கு வந்தவன் காஸ்மே. கேட்டு வாங்கிக்கொண்டு வந்தானோ, அவன் தலையிலேயே கட்டினார்களோ, எனக்குத் தெரியாது. உள்ளே வந்தவன் என் கையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். டின்னைக் கீழே வைத்தான்.

"என்ன ஆச்சு அவளுக்கு?"

ஒலிந்தா பிள்ளையின் நெற்றித் துணியைத் திருப்பிப் போட்டாள். அவன் முகம் கோணிப்போயிற்று. "நீ மீறிட்ட. மீறிட்டியாடி? என் கையால அவளை நான்..."

ஒலிந்தா வாசலுக்குப் போய், அங்கே தொங்கிய கொடியின் நுனியைப் பிடித்து அவன் முன்னால் விரித்தாள். சிவப்பும் வெள்ளையும் சேருகிற இடத்தை விரலால் தடவிக் காட்டினாள்.

"பாருண்ணே. எண்ணிப் பாரு, உனக்கு எண்ண முடிஞ்சா. நீ சொல்லச் சொன்னது என்ன? சிவப்புவெள்ளையைக் குத்துவேன். குத்தினேனா இல்லையா? இந்த ஊர்ல என்னைவிட அதிகமா இதைக் குத்தினவ யாரு?"

காஸ்மே தையலைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெளியே லாரி ஹாரன் அடித்தது. "காஸ்மே! உன் தங்கச்சி வீட்டுக்கு மட்டும் தீ பிடிக்காதா?" என்று கண்ணாடிக்காரன் கத்தினான். அங்கே யாரோ சிரித்தார்கள்.

அவன் திடீரென்று இடுப்புப் பையிலிருந்து வெற்றிலையும் பாக்கும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சுண்ணாம்பைப் போடும்போது பாதி கீழே சிந்தியது. மென்றான். அந்த ஹாரன் சத்தத்தில் அவன் மெல்லுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு குனிந்து, தாய்மாமன் வாழ்த்துகிற எங்கள் முறைப்படி, சிவந்த எச்சிலைக் கட்டைவிரலில் தொட்டு, பிள்ளையின் நெற்றியில் வைத்தான். தொப்புளில் வைத்தான்.

"உன் அம்மா சொன்னபடி குத்திட்டா. மாமன் பார்த்துட்டேன். வச்ச கையை நானே எடுத்துக்கிறேன். நீ நல்லா இரு."

நோமியா கண்ணைப் பாதி திறந்து, "மாமா, வாய் நாறுது" என்றது.

காஸ்மே சிரித்தானா அழுதானா என்று சொல்லத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பின்பக்கமா காப்பிக்குள்ள போங்க. நிக்காதீங்க. மெஷினைத் தூக்கிக்க வேவாக்கா, கனம்தான், ஆனா அவளுக்கு அதுதான் சோறு" என்றான். இந்த ஊரில் நான் யாருக்கும் எடுபிடி வேலை செய்ததில்லை. அன்றைக்கு ஒரு பட்டைக்காரன் சொல்லி மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

காப்பிச் செடிக்குள் படுத்துக்கொண்டோம். ஒலிந்தா தன் மார்பைப் பிள்ளையின் வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள், அது முனகிவிடக் கூடாதே என்று. பெட்ரோல் வாடை வந்தது. கூரை பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. அவன் ஒரு காலத்தில் வேய்ந்த கூரைதான். வாசல் கொடியும் எரிந்தது. லாரியிலிருந்து கண்ணாடிக்காரன் ஏதோ கேட்டான். அதற்குக் காஸ்மே போட்ட சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

"உள்ள யாரும் இல்ல! ஓடிட்டாங்க! எல்லாரும் கிழக்குப் பக்கம் ஓடிட்டாங்க!"

நாங்கள் மேற்குப் பக்கம் கிடந்தோம்.

அந்த லாரியோடு எல்லை தாண்டிப் போனவன் திரும்பி வரவில்லை. மலையில் மூன்றாவது நாள் நோமியாவுக்குக் காய்ச்சல் விட்டது. மாத்திரையால்தான் என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். ஒலிந்தா கேட்டுக்கொள்வாள். ஆனால் மலையில் இருந்த அத்தனை நாளும், பிள்ளையின் நெற்றியில் காய்ந்து கறுத்திருந்த அந்த வெற்றிலைக் கறையைக் கழுவ அவள் என்னை விடவில்லை. வீட்டை எரித்தவன் என்று நான் காஸ்மேயைத் திட்டத் தொடங்கினால், இப்போதும் கையிலிருக்கும் ஊசியை ரவிக்கையில் குத்திவிட்டு எழுந்து வந்து என் வாயைப் பொத்துகிறாள்.